சக்கரம் வைத்த அடுப்படி

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் எங்களைத் தேடித் தொலைபேசி வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, சிட்னியிலிருந்து. "கேம்பர்வேன் பதிவு செய்துவிட்டோம். நியூசிலாந்துத் தென் தீவை ஒரு சுற்றுச் சுற்றப் போகிறோம். சாப்பாட்டுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை." வழியை யாரும் கேட்பதில்லை, அதைக் கைபேசி சொல்லிவிடுகிறது. சோற்றுக்குத்தான் பெரியவர்கள் வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

வேன் சமையலில் இடம் போதாது என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். இடத்தைச் சமாளித்துவிடலாம், தண்ணீர்தான் பாடுபடுத்தும். வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிறது, தொட்டியில் ஊற்றினால் போய்விடுகிறது. வேனில் நல்ல தண்ணீரும் உங்களோடு பயணம் வருகிறது, கழுவி ஊற்றிய அழுக்குத் தண்ணீரும் உங்களோடு வருகிறது. ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு தடவை சுமக்கிறீர்கள். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே சொல்லியிருப்பதில் பாதி தானே விளங்கிவிடும்.

1. தண்ணீர்க் கணக்கை முதலில் போடுங்கள்

முகாம்களுக்கு வெளியே இலவசமாக இரவு தங்க அனுமதிக்கும் பெரும்பாலான இடங்களில், உங்கள் வண்டிக்குத் தன்னிறைவுச் சான்று இருக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி தேவை. நாலு பேர் என்றால் 48 லிட்டர். கழிவுநீர்த் தொட்டியும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். 2023-ல் வந்த சட்டம் வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறையையும் கட்டாயமாக்கிவிட்டது. உங்கள் வேனின் தொட்டி இதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆனாலும் ஆளுக்கு 4 லிட்டர் என்பதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க, பல் விளக்க, காபி போட, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள். வீட்டில் அரிசி களைவதற்கே 2 லிட்டர் ஊற்றுகிற கை நம்முடையது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள், இது தொட்டி.

அழுக்குத் தண்ணீரைக் கழிவு கொட்டும் நிலையத்தில் மட்டும்தான் திறந்துவிட வேண்டும். புல்வெளிதானே, பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்று சாலையோரத்தில் விடக்கூடாது. அந்த நிலையத்தில் இரண்டு குழாய்கள் இருக்கலாம். ஒன்று குடிநீர், மற்றொன்று கழிப்பறைப் பெட்டியை அலசுவதற்கு. பலகையைப் படித்துவிட்டுக் குழாயில் கை வையுங்கள்.

2. விமான நிலையத்தில் எதையும் ஒளிக்காதீர்கள்

நம்மவர்கள் பெட்டியில் பாதி சாப்பாடுதான் இருக்கும். கொண்டுவருவது தப்பில்லை, சொல்லாமல் கொண்டுவருவதுதான் தப்பு. தெரிவிக்க வேண்டிய உணவுப் பொருளைத் தெரிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். தெரிவித்துவிட்டால் அபராதம் கிடையாது, ஆகாத பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் இவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பெரும்பாலான நாடுகளின் தேனை உள்ளே விடமாட்டார்கள், அவர்களுக்குத் தங்கள் தேனீயின் நலம் பெரிது. வாழைக்காய்ச் சிப்ஸானாலும், பாட்டி அரைத்துக் கொடுத்த பொடியானாலும், படிவத்தில் 'ஆம்' என்று எழுதிவிட்டு அதிகாரியிடம் எடுத்துக் காட்டுங்கள்.

3. முதல் நாள் இரண்டு கடை

வேனை எடுத்ததும் மலைக்கு ஓடாதீர்கள். கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடைகள் உண்டு. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி, ஊறுகாய், உறைய வைத்த கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். நகரத்தை விட்டால் இவற்றை மறந்துவிட வேண்டியதுதான். பயணம் முழுவதற்குமான காய்ந்த சாமான்களை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூப்பர்மார்க்கெட். பாக்'ன்சேவ் கிடங்கு மாதிரி இருக்கும். பெட்டியோடு அடுக்கி வைத்திருப்பார்கள், வாங்கியதை நீங்களே பையில் போட்டுக்கொள்ள வேண்டும், விலை பொதுவாகக் குறைவு. நியூ வேர்ல்டும் வூல்வொர்த்ஸும் இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கும். சிற்றூர்களில் ஃபோர் ஸ்கொயர் என்ற சின்னக் கடைதான். அங்கே அவசரத்துக்குப் பாலும் ரொட்டியும் வாங்கலாம், மாத மளிகை வாங்கக்கூடாது. அலமாரியில் போட்டிருக்கும் விலையில் 15 சதவீத வரியும் அடக்கம், கல்லாவில் கூட்டிக் கேட்கமாட்டார்கள்.

பிளாஸ்டிக் கைப்பையை 2019 ஜூலையில் தடை செய்தார்கள். காய்கறி போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையும் 2023 ஜூலையோடு போயிற்று. ஊரிலிருந்து நாலு மஞ்சப்பை மடித்து எடுத்து வாருங்கள். வேனுக்குள் அவற்றைக் கொக்கியில் தொங்கவிட்டால் வெங்காயம், உருளைக்கிழங்குக்கு அதுவே கூடை.

4. வரைபடத்தில் ஊரைத் தேடாதீர்கள், கடையைத் தேடுங்கள்

இங்கே வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊர் சில சமயம் ஒரு பெட்ரோல் பங்க்கும் நாலு விடுதியுமாக முடிந்துவிடும். மேற்குக் கரையில் தெற்கே இறங்கினால் ஹோகிடிகாவில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அதைத் தாண்டி ஃபிரான்ஸ் ஜோசப் சுமார் 135 கிலோமீட்டர், அங்கே சின்னக் கடைதான். அதற்கப்பால் ஃபாக்ஸ், ஹாஸ்ட், ஹாஸ்ட் கணவாய் என்று காடும் மழையுமாகப் போய், அடுத்த நல்ல சூப்பர்மார்க்கெட்டைப் பார்ப்பது வனாக்காவில்தான். ஹோகிடிகாவிலிருந்து கணக்குப் போட்டால் 400 கிலோமீட்டருக்கு மேல். பாதை வளைந்து வளைந்து போகும், பனியாறு பார்க்க இரண்டு இடத்தில் நிற்பீர்கள், ஆக இரண்டு இரவு கழிந்துவிடும். ஹோகிடிகாவில் நிரப்பாமல் போனால் அந்த இரண்டு இரவும் நூடுல்ஸ்.

மில்ஃபர்ட் சவுண்டும் அப்படியே. டே அனாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், போகிற வழியிலும் சூப்பர்மார்க்கெட் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்திலும் இல்லை. போக வரச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், டீசல் மூன்றையும் டே அனாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்காட்டியையும் ஒரு கண் பாருங்கள். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு மூன்று நாளும் பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். ஏப்ரல் 25 அன்று மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். டிசம்பர் 24 மாலை வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட 23 அன்றே வாங்கிவிடுவது நிம்மதி.

5. மூன்று நாளுக்கு மேல் ஈரச் சாமான் வாங்காதீர்கள்

வேனில் உள்ள குளிர்பெட்டி 12 வோல்ட்டில் ஓடுவது. அதை இடைவெளியின்றித் திணித்தால் குளிர் சுற்றாது. உள்ளே 5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு சிறு வெப்பமானி வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள், ஊகம் வேண்டாம். பால் 1 லிட்டர் புட்டியாக வாங்குங்கள். மலிவு என்று 3 லிட்டர் வாங்கினால் தயிருக்கு இடமிருக்காது. தயிரில் இனிப்பில்லாதது என்று பார்த்து எடுங்கள். அவசரத்தில் வனிலாத் தயிரை எடுத்துவந்து மோர்க்குழம்பு வைத்தவர்கள் உண்டு.

வெளியில் கெடாமல் இருப்பவற்றுக்குக் குளிர்பெட்டியில் இடம் கொடுக்காதீர்கள். பூசணி, சர்க்கரைவள்ளி (இங்கே குமரா என்பார்கள்), முட்டைக்கோசு, வெங்காயம் எல்லாம் வெளியே பையில் கிடக்கட்டும். சில்வர்பீட் என்று பெரிய இலைக்கட்டு ஒன்று விற்பார்கள். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் நம் ஊர்க் கீரைக்கு இரண்டாம்பட்சமில்லை. டின்னில் வரும் கொண்டைக்கடலை, தக்காளி, தேங்காய்ப்பால் மூன்றும் வேனுக்கென்றே செய்தவை. ஊறவைக்கத் தண்ணீர் வேண்டாம், வேகவைக்க கேஸ் வேண்டாம். தேங்காய்ப்பால் டின்னும் இரண்டு உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் இருந்தால் கால் மணியில் சொதி தயார்.

6. ஒரு வேளைக்கு ஒரு பாத்திரம்

வீட்டில் சோறு, சாம்பார், ரசம், பொரியல் என்றால் நாலு பாத்திரம், நாலு கரண்டி, நாலு மூடி. வேனில் இத்தனையையும் கழுவுவது யார், எந்தத் தண்ணீரில்? ஆகவே என்ன சமைக்கலாம் என்று யோசிக்கும்போதே எத்தனை பாத்திரம் அழுக்காகும் என்று எண்ணிப் பாருங்கள். வாடகை வேனில் இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு மொக்கைக் கத்தி இருக்கும். பிரஷர் குக்கர் இருக்காது. அதை மட்டும் ஊரிலிருந்து கட்டாயம் கொண்டுவாருங்கள். இரண்டு பேருக்கு 3 லிட்டர், நாலு பேருக்கு 5 லிட்டர். கேஸும் மிச்சம், நேரமும் மிச்சம்.

நாலு பேருக்குப் பருப்பு சாதம் செய்யும் முறையைச் சொல்கிறேன். காலையில் முகாமை விட்டுக் கிளம்புமுன், அங்குள்ள குழாயடியிலேயே ஒன்றரை டம்ளர் அரிசியையும் அரை டம்ளர் பாசிப்பருப்பையும் அலசிவிடுங்கள். தண்ணீரை நன்றாக வடித்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்த ஈரத்திலேயே அரிசி பொருமி இருக்கும், வண்டித் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடச் செலவில்லை. மாலையில் குக்கரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, சீரகம், இஞ்சி, பச்சைமிளகாய், ஒரு வெங்காயம் போட்டு மிதமான தீயில் வதக்குங்கள். பாதி டின் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. கையில் இருக்கும் காய் எதுவானாலும் பெரிதாக நறுக்கிப் போடலாம். அரிசி பருப்பைக் கொட்டி ஆறு டம்ளர் தண்ணீர் விட்டு மூடி மூன்று விசில். அணைத்துவிட்டு ஆவி தானே அடங்கும்வரை கைவைக்காதீர்கள். மேலே ஒரு கட்டி வெண்ணெய், பக்கத்தில் ஊறுகாய், அப்பளத்துக்குப் பதில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட். கழுவ வேண்டியது ஒரு குக்கர், ஒரு கரண்டி, நாலு தட்டு.

இதே கையோடு எலுமிச்சை சாதத்துக்கு வேண்டிய அளவு சோறு கூடுதலாக வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது, வெதுவெதுப்பில் பெருகும். மலைப்பாதையில் வயிற்றுப்போக்கு வந்தால் அந்தச் சிறிய கழிப்பறை தாங்காது.

7. இட்லி, தோசையை வீட்டில் விடுங்கள்

மாவு புளிக்க வெதுவெதுப்பு வேண்டும். தென் தீவில் கோடை இரவிலும் போர்வை கேட்கும் குளிர். மாவு அப்படியே உட்கார்ந்திருக்கும், புளிக்காது. புளித்துவிட்டால் அதைவிட மோசம், வளைவில் மூடி தெறித்து மெத்தையில் ஊற்றிவிடும். பழைய சோற்றுக்கும் இதே கதி. காலைக்கு ஓட்ஸ் உப்புமா, ரவை உப்புமா, முட்டை, ரொட்டி. ஓட்ஸ் இங்கே எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும்.

8. படுக்கையறையில் தாளிக்கிறோம் என்பதை மறக்காதீர்கள்

அடுப்புக்கும் தலையணைக்கும் நடுவே இரண்டு எட்டுத்தான். கடுகும் வரமிளகாயும் வெடித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும், முகாமே திரும்பிப் பார்க்கும். போர்வையில் ஏறிய வெங்காய வாசம் ஊர் திரும்பும்வரை கூட வரும். வழி ஒன்று இருக்கிறது. பயணத்தின் முதல் நாள், நல்ல சமையலறை உள்ள இடத்தில், எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து ஆறவைத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். பிறகு வேண்டும்போது ஒரு கரண்டி எடுத்து மேலே கலந்தால் போதும். முதல் மூன்று நாலு நாளுக்கு மணம் குறையாது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகாக்கி ஏரிக்கரையில் சால்மன் வாங்கலாம், கைகோராவில் சாலையோரத்திலேயே சிங்க இறால் விற்பார்கள். வாங்குங்கள், வேனுக்குள் மட்டும் குழம்பு வைக்காதீர்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி அலுமினியத் தாளில் சுற்றி, முகாமில் பொதுவாக வைத்திருக்கும் பார்பிக்யூ தட்டில் போடுங்கள். எண்ணெயில் பொரிக்கிற வேலை எதுவும் வண்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

9. கேஸும் மின்சாரமும்

நம் வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. வேனில் இருப்பது அதைவிடச் சிறியது, பெரிய வண்டியானால் பெரும்பாலும் 9 கிலோ. அடுப்பு எரியும்போது மேல்கூரைத் திறப்பையோ ஒரு சன்னலையோ கட்டாயம் திறந்து வையுங்கள். குளிர்கிறது என்று அடுப்பை எரியவிட்டு உள்ளே உட்காராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அது வெளியேறத் தரையோரம் சிறு துளை விட்டிருப்பார்கள். அதன்மேல் அரிசிப் பையை வைத்து அடைத்துவிடாதீர்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியிருக்கட்டும். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கப்பலில் வருகிறவர்கள் ஏறுமுன் மூடியே ஆக வேண்டும்.

மைக்ரோவேவ் இருக்கிறது, எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். பெரும்பாலான வேன்களில் அவை முகாமின் மின்கம்பத்தில் வயரைச் செருகினால் மட்டும்தான் வேலை செய்யும். காட்டோரம் நிற்கும் இரவில் அவை வெறும் அலமாரி. மின்வசதி உள்ள இரவில் பெரிய சமையல், இல்லாத இரவில் சுடவைத்துச் சாப்பிடுவது என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

10. கழுவுவதற்கு ஒரு முறை உண்டு

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தொட்டியில் போடாதீர்கள். முதலில் காகிதத்தால் துடையுங்கள். குழம்பும் எண்ணெயும் காகிதத்தோடு குப்பைக்குப் போகட்டும். குக்கரில் அடிப்பிடித்ததைச் சாப்பிட உட்காரும்போதே ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு ஊறவையுங்கள். இரண்டு கிண்ணம் போதும். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசும் தண்ணீர். டம்ளர், கரண்டி, தட்டு, கடைசியில் குக்கர். இந்த வரிசை மாறினால் தண்ணீர் இரட்டிப்பாகும். தொட்டியின் வாயில் சல்லடை இல்லாவிட்டால் ஒன்று வாங்கிப் போடுங்கள். நாலு பருக்கை கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கினால் மூன்றாம் நாள் வண்டியின் உள்ளே உட்கார முடியாது. பிரேக் போடும்போதெல்லாம் அந்த நாற்றம் குழாய் வழியே மேலே வரும்.

11. தாழ் போடாமல் சாவி திருப்பாதீர்கள்

கிளம்புமுன் ஒருவர் உள்ளே நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: குளிர்பெட்டிக் கதவு, மேல் அலமாரி, கத்தி, அடுப்பு மூடி, சிலிண்டர், சன்னல். ஓட்டுகிறவர் ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்ற பிறகே வண்டி நகரலாம். முட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியோடு பாத்திரத்துக்குள் வைத்துத் துணியால் சுற்றுங்கள். அஞ்சறைப்பெட்டி அழகாகத்தான் இருக்கும், ஒரு திருப்பத்தில் மஞ்சளும் மிளகாயும் ஒன்றாகிவிடும். திருகு மூடி போட்ட சின்ன டப்பாக்கள் உத்தமம்.

12. முகாமின் பொதுச் சமையலறையைப் பயன்படுத்துங்கள்

ஹாலிடே பார்க் என்ற கட்டண முகாம்களில் பெரிய சமையலறை இருக்கும். அடுப்பு, கெண்டி, குளிர்பெட்டி, வேண்டிய மட்டும் வெந்நீர். நாலைந்து இரவுக்கு ஒரு முறையாவது அங்கே தங்கி, சாம்பார் வைத்து, சப்பாத்தி இட்டு, ஆசை தீரப் பாத்திரம் கழுவிக்கொள்ளுங்கள். அந்தச் சமையலறையில் பெரும்பாலும் ஓர் அலமாரி இருக்கும். ஊர் திரும்புகிறவர்கள் மீந்த உப்பு, எண்ணெய், அரிசி, பாஸ்தா எல்லாம் அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். உப்புப் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போகுமுன் அந்த அலமாரியை ஒரு தடவை பாருங்கள். இதில் கூச்சம் வேண்டாம், இங்குள்ள வழக்கம் அது.

அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் மலிவு, இடமும் கொள்ளை அழகு. அவோராக்கி மலையடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில், மில்ஃபர்ட் சாலையில் கேஸ்கேட் கிரீக் போன்றவை. ஆனால் சமையலறை எல்லா இடத்திலும் இருக்காது. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிப் பலகை இருந்தால், கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள்.

13. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு டாலர், இரண்டு டாலர் காசுகளை ஒரு டப்பியில் போட்டு முன் இருக்கையில் வையுங்கள். பண்ணை வாசலில் முட்டை, எலுமிச்சை, பூசணி வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியல் மட்டும் இருக்கும். விற்கிறவர் யாரும் இருக்கமாட்டார். விலையைப் படித்துக் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. சென்ட்ரல் ஒட்டாகோவில் குரோம்வெல் பக்கம் போனால் பழக்கடையில் நிற்காமல் போகாதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை செர்ரி, ஜனவரியில் ஆப்ரிகாட், பிப்ரவரியில் பீச். கொஞ்சம் அடிபட்ட பழத்தைத் தனியாக மலிவாக விற்பார்கள். அன்றே சாப்பிடப் போகிற நமக்கு அது போதும்.

14. பறவைக்கும் பூச்சிக்கும் பந்தி வைக்காதீர்கள்

மலைக்கணவாய்களில் கியா என்ற பச்சைநிறக் கிளி வரும். பயமே கிடையாது, பையைத் திறக்கும், வண்டிச் சன்னல் ரப்பரைக் கொத்தி இழுக்கும். பார்த்து ரசியுங்கள், ஒரு துண்டு ரொட்டிகூடப் போடாதீர்கள். நம் சாப்பாடு அதற்குக் கேடு. மேற்குக் கரையிலும் மில்ஃபர்டிலும் சாண்ட்ஃபிளை என்ற குட்டிக் கறுப்புப் பூச்சி பிடுங்கி எடுத்துவிடும். அது பகல் பூச்சி, அந்தி நேரத்தில் உச்சம், நன்றாக இருட்டியபின் அடங்கிவிடும். கோடையில் இங்கே ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆகவே அந்தப் பக்கங்களில் வலைக்கதவை மூடிக்கொண்டு உள்ளேயே சாப்பிட்டுவிடுங்கள். வெளியே மேசை போட்டுச் சாப்பிடும் ஆசையை வனாக்கா, டெகாப்போ பக்கம் தீர்த்துக்கொள்ளலாம்.

15. சமைப்பவர் யார் என்று கிளம்புமுன் முடிவு செய்யுங்கள்

எனக்கு வரும் தொலைபேசியில் பாதி, ஆண்கள் பேசுவது. வழி, வண்டி, டீசல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 'சாப்பாடு இவள் பார்த்துக்கொள்வாள்' என்பார்கள். தம்பி, வீட்டில் நிமிர்ந்து நின்றாவது சமைத்தவர், இங்கே குனிந்து நின்று சமைக்கப் போகிறார். அவருக்கு இது என்ன விடுமுறை? வண்டி ஓட்டியவர் அன்று சமைக்க வேண்டாம், சமைத்தவர் கழுவ வேண்டாம், பிள்ளைகள் தண்ணீர் பிடித்துக் குப்பை கொட்டட்டும். காலைக் காபியும் ரொட்டியும் யாருக்கும் கைவரும். மூன்று நாளுக்கு ஒரு வேளை வெளியே சாப்பிடுங்கள். சைவமானால் வழிக் கடைகளில் பாலாடைக்கட்டிப் பை, உருளைக்கிழங்கு வறுவல். மற்றவர்களுக்கு மீனும் வறுவலும். குவீன்ஸ்டவுனில் இந்திய உணவகங்களே இருக்கின்றன.

16. கடைசி இரண்டு நாள் எதையும் வாங்காதீர்கள்

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே எல்லா அலமாரியையும் திறந்து, இருப்பதை மேசைமேல் பரப்பிப் பாருங்கள். அரைப் பாக்கெட் ரவை, ஒரு டின் கொண்டைக்கடலை, இரண்டு வெங்காயம் என்று நாலைந்து வேளைக்குச் சாப்பாடு கிடக்கும். அதைக் கொண்டே ஓட்டுங்கள். பிரிக்காத பாக்கெட்டும் பாதி எண்ணெயும் கடைசி முகாமின் அலமாரிக்கு. கழிவுநீர்த் தொட்டியை முந்தைய நாளே காலி செய்யுங்கள், மறுநாள் விமான அவசரத்தில் அது நடக்காது. குக்கரைக் கழுவித் துடைத்து, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே அழுக்குத் துணிகளை அடைத்துப் பெட்டியில் வைத்தால் இடமும் மிச்சம். அடுத்து இங்கே வரப்போகிற உறவுக்காரர் யாராவது இருந்தால், குக்கரை எங்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை.